ஒன்றரை மீட்டர் காற்று

என் மண்டையில் ஏழு தையல் விழுந்தது ஒன்றரை மீட்டர் காலியிடத்துக்காக. குடியிருப்புப் பகுதியில் வீடு கட்டுகிறவர் பக்கவாட்டில் அந்த அளவு விட்டாக வேண்டும், காற்று வருவதற்காக. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் அந்த விதியை மற்றவர்களின் வரைபடங்களில் சிவப்பு மையால் எழுதியவன் நான்.

குற்றாலம் சாலையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சாரல் தொடங்கியதும் மாடியை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். போன சீசனில் அவர்களுக்குச் சமைத்துப் போட, அந்தக் காலியிடத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, தகரம் போட்டு, விறகடுப்பு வைத்தார். எதிரே என் மனைவி படுக்கும் அறையின் ஜன்னல். அவளுக்கு இருபது வருடமாக இளைப்பு நோய். சாத்திய ஜன்னலின் இடுக்கிலும் புகை நுழையும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருப்பாள். ஒரே மாதத்தில் இரண்டு முறை தென்காசி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"சீசன் முடியட்டும் அண்ணாச்சி, நானே இடிச்சிருதேன்" என்றார் அவர்.

நான் மனு எழுதினேன். விதி எண், சர்வே எண், புகைப்படம், நான்கு அலுவலகங்களுக்கு நகல். குறை சொல்ல முடியாத மனு. அலுவலகம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. கூடவே என் மனுவின் நகலையும். என் காலத்திலும் அப்படித்தான் அனுப்பினோம்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் காலையிலேயே மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினார். "ஏன்வே, இது உம்ம கையெழுத்துதான?"

நான் அங்கே போய், முறைப்படி விளக்கினேன். பதில் தர முப்பது நாள் உண்டு, பிறகு கட்டியதை வரன்முறைப்படுத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம், மறுத்தால் மேல்முறையீடு.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இந்த சீசன் பூரா ஒருத்தனும் தொட முடியாது?"

"விதிப்படி முடியாது" என்றேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். தென்னங்கன்று வைக்க வாங்கிய கடப்பாரையோடு வந்தாள்.

"நான் இங்கன சாகுதேன், நீங்க அவனுக்கு வழி சொல்லுதீகளோ?"

முதல் குத்தில் அடுப்பு பிளந்தது. கொதித்த எண்ணெய் தரையில் ஓடியது. அவர் இரும்புக் கரண்டியை அவள் தலைக்கு ஓங்கினார். "அனுமதியில்லாம இடிக்கக் கூடாது" என்று அவளிடம் சொல்லத்தான் நான் நடுவே போனேன். அடி என் மேல் விழுந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது கடப்பாரை அவர் பாதத்தில் இறங்கியிருந்தது. அவர் தரையில் உருண்டு அலறினார். அவள் இரண்டு குத்துக்கு ஒருமுறை நின்று, விசிலடிப்பதுபோல் மூச்சிழுத்து, சுவர் முழுவதையும் சாய்த்தாள்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுத எனக்குப் பேப்பர் கொடுத்தார்கள். தலையில் கட்டோடு தொடங்கினேன்: மழையில் ஊறிய சுவர் தானாகச் சரிந்தது. அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளை இந்த வாக்கியம் காப்பாற்றியிருக்கிறது.

அவள் எட்டிப் படித்தாள்.

"அந்த வரிய அடிச்சிட்டு எழுதுங்க. இடிச்சது நான்."

"கேஸ் ஆயிரும்ட்டி."

"ஆவட்டும். அவன் திரும்பக் கட்டுனா, திரும்ப இடிப்பேன். அதையும் எழுதுங்க."

எழுதினேன். நகல் எடுக்கவில்லை.