ஒற்றை வினைச்சொல் வெல்மா

வெல்மா கோஸ்கி இடது முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலிமேல் வைக்கிறாள். அங்கிருந்து மேஜைக்கு ஏறுகிறாள். நிமிர்ந்து நின்று கம்பளிப் பாவாடையைத் தட்டிவிட்டு வலது கையை உயர்த்துகிறாள். கை உயர்ந்தால் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

"கெட் ஆன்!"

இறங்குகிறாள். மறுபடி கை.

"கெட் ஆஃப்!"

எங்கள் ஏரிக்கரை ஊரின் நூலகத்தில், அடித்தள அறையில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் நடப்பது இது. புதிதாக நாட்டுக்குள் வந்தவர்களுக்கு இலவச ஆங்கிலம். நடத்துபவளுக்கு எழுபத்தெட்டு வயது.

வெல்மா பள்ளிக்கூட ஆசிரியை அல்ல. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். "ஏறு, எறங்கு, உள்ள வா, வெளிய போ. எல்லாத்துக்கும் 'கெட்'. இந்த ஒத்தச் சொல்ல வெச்சுத்தான் ரெண்டு தலைமுறைய மேய்ச்சேன். ஆங்கிலத்துல வினைச்சொல்லு ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் வக்கீலுங்களுக்கு" என்பாள். அவளுடைய கணக்கில் 'கெட்' போதும். பக்கத்தில் ஒட்டும் சொல்லைப் பொறுத்து அது ஏறும், இறங்கும், கோபப்படும், வழி தவறும். சளி பிடிப்பதற்கும் கல்யாணம் ஆவதற்கும் விவாகரத்து ஆவதற்கும் அதே சொல்தான். இந்த மூன்றையும் வெல்மா ஒரே முகபாவத்தோடுதான் நடித்துக் காட்டுவாள். வகுப்புக்குக் காப்பி போடும் பழைய தோழி நான்; அவளுடைய முதல் கணவனை எனக்குத் தெரியும். நடிப்பில் குறை சொல்ல முடியாது.

பலகையில் எழுதமாட்டாள். விளக்கமாட்டாள். எல்லாம் உடம்பால்தான். அவள் செய்துகாட்டும்போது யாரும் கிட்டே வரக்கூடாது. ஒருமுறை கொலம்பியாக்காரி நூபியா பதறி எழுந்து கை கொடுக்கப் போனாள். "உக்காரு! நீ கை குடுத்தா ஏறினது நானா நீயான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" அதற்குப்பிறகு ஒருவரும் அசைவதில்லை.

பலன் இல்லாமல் இல்லை. உக்ரைனிலிருந்து வந்த வெல்டர் போஹ்தான் ஒருநாள் தாமதமாக வந்து காரணம் சொன்னான்: "கெட் கார். பனியில கெட் ஸ்டக். போலீஸ் கெட் மேட். நான் கெட் டிக்கெட்." இலக்கணம் என்று ஒன்றும் அதில் இல்லை, நடந்ததில் ஒன்றும் விடுபடவும் இல்லை. வெல்மா அவனுக்கு இரண்டு இனிப்பு பன் கொடுத்தாள்.

போன குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். உடைந்த மூட்டுக்குப் பதிலாக உள்ளே உலோகக் குண்டு வைத்திருக்கிறார்கள். பிடித்து நடக்கும் வண்டி ஒன்றும் கொடுத்தார்கள். அது என் காரின் பின்பெட்டியில் கிடக்கிறது. "அத உள்ள கொண்டாந்தேன்னு வெய்யி லோயிஸ், இந்த ஜென்மத்துல உங்கூடப் பேச்சில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

நூலக மேலாளர் டெரிலுக்கு வெல்மாவின் பேரன் வயது. அவன் பேசுவது அச்சடித்த சுற்றறிக்கை மாதிரி இருக்கும். "மிஸஸ் கோஸ்கி, நிறுவனத்தின் பொறுப்பைக் கருத்தில்கொண்டு, வீழ்ச்சி ஏதேனும் நிகழும் பட்சத்தில், பயிற்சியைத் திரைவழி முறைக்கு மாற்ற வேண்டிய சூழல் எழலாம்."

"விழுந்தா கிளாஸ் போச்சுங்கிறியா?"

"அப்படிப் பொருள்கொள்ளவும் இடமிருக்கிறது."

"அப்ப அதச் சொல்லித் தொலையேன்."

வியாழன் போனால் வெல்மாவுக்கு மிச்சம் தொலைக்காட்சியும் பூனையும்தான். பூனையை அவளுக்குப் பிடிக்காது.

அடுத்த வாரமே 'கெட் டவுன்' பாடம் எடுத்தாள். நான் காப்பிப் பாத்திரத்தருகில் நின்று முறைத்தேன். பார்க்காத மாதிரி தரையில் உட்கார்ந்து, மல்லாந்து படுத்து, கையை உயர்த்தினாள். "கெட் டவுன்!" பிறகு ஒருபக்கம் புரண்டு முழங்காலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

வகுப்பு கடமை தவறவில்லை. "கெட் அப்!" என்றார்கள். அவள் எழவில்லை. சத்தம் போதவில்லை என்று நினைத்த போஹ்தான் கூரை அதிர இன்னொருமுறை கத்தினான்.

நான் கிட்டே போய்க் குனிந்தேன். முதியவர்களைத் தூக்கி உட்காரவைத்தே நாற்பது வருடம் சம்பளம் வாங்கியவள் நான். இரண்டு காலும் ஒரே நீளம், பாதம் வெளிப்பக்கம் திரும்பவில்லை, முகத்தில் நிறம் இருந்தது. உடையவில்லை.

"வலிக்குதா?"

"வலிச்சா கத்தமாட்டனா? முட்டி மடங்கமாட்டேங்குது. அவ்ளோதான்."

"நாற்காலி கொண்டாரேன். அதப் புடிச்சு..."

"நான் உன் பேஷண்ட் இல்ல. போய் காப்பியப் பாரு."

அப்போது மாடிப்படியில் டெரிலின் காலணி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. இந்தக் கட்டடத்தில் அப்படிக் கிறீச்சிடுவது அது ஒன்றுதான். வெல்மாவும் கேட்டாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பஸ்ஸின் கடைசி இருக்கைவரை எட்டும் பழைய குரலில், "எல்லாரும்! கெட் டவுன்!" என்றாள்.

எல்லாரும் படுத்தார்கள். போஹ்தான் பனிக்காலணியோடு மேஜைக்கடியில் நீட்டினான். நூபியா சால்வையை விரித்து வெல்மாவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். நான் மட்டும் காப்பிப் பாத்திரத்தைத் துடைத்தேன்.

டெரில் கதவைத் திறந்தான். அறை முழுக்க மனிதர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"இது... எந்தப் பாடப்பகுதி?"

"டவுன், சார்" என்றான் போஹ்தான், மேஜைக்கடியிலிருந்து. "அப்புறம் அப்."

டெரில் யோசித்தான். ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்று அவனுடைய விதிமுறையில் உண்டு. எல்லாரும் படுத்திருந்தால் என்ன செய்வது என்று இல்லை. "தொடருங்கள்" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினான். கிறீச்சொலி மேலே ஏறி மறைந்தது.

ஒவ்வொருவராக எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார்கள். வெல்மா எழவில்லை. இது பாடம் இல்லை என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. கிட்டே வரக்கூடாது என்ற விதி அவளுடையது.

வெல்மா வலது கையை உயர்த்தினாள்.

"கெட் அப்!" என்றது வகுப்பு, பழக்கதோஷத்தில்.

அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கையை இறக்கவில்லை. அதை போஹ்தான் பக்கம் திருப்பி, பிடித்துத் தூக்கு என்பதுபோல் விரல்களை விரித்தாள்.