தொடாதே என்று எழுதிக் கொடுத்தவர்

நான் கறுவிக்கொண்டு திரிகிறவள். மறைத்துப் பயனில்லை. பேரிகை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போது என் காலை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காதவளின் சேலை நிறத்தை இன்றும் சொல்வேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் எங்கள் பிளான்ட் ஹெட் ஒரு மெமோ கொடுத்தார்.

ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. அங்கே நெட்வொர்க் பார்ப்பது நான், கான்ட்ராக்டில். உற்பத்தி லைனில் இருக்கிற மெஷின்கள் எல்லாம் ஸ்விட்ச் என்கிற ஒரு இரும்புப் பெட்டி வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசும். அது நின்றால் பார்கோடு படிக்காது. பார்கோடு படிக்காவிட்டால் பெல்ட் நகராது. எங்களிடம் இருந்த மாடலில் ஒரு ஓட்டை. பெட்டியை நிறுத்த யாரும் உள்ளே புகுந்து எதையும் உடைக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வகைக் கேள்வியைக் கோணலாக அனுப்பினால் போதும், பெட்டி திணறி அப்படியே உறைந்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் உயிர் வரும். தயாரித்தவர்களே இதை ஒப்புக்கொண்டு, சரிசெய்த மென்பொருளையும் வெளியிட்டிருந்தார்கள். அதை ஏற்றுவதற்கு அரை மணி நேரம் லைன் நிற்க வேண்டும்.

மூன்று ஷிப்டும் ஓடுகிற இடத்தில் அரை மணி நேரத்தை யார் தருவார்கள்? வருஷத்தில் ஒருநாள் எல்லாம் நிற்கும், ஆயுத பூஜையன்று. அன்றைக்குப் போய்க் கேட்டேன். பிளான்ட் ஹெட் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பூஜைக்கு வெச்ச ஆயுதத்த யாராவது தொடுவாங்களா? பொட்டு வெச்சாச்சு, உடு."

அடுத்த வருஷமும் கேட்டேன். அதே பதில். ஓடுகிற லைனை நிறுத்தக் கூடாது, நிற்கிற லைனைத் தொடக் கூடாது. பிறகு நான் எப்போதுதான் வேலை செய்வது? கேட்டதையெல்லாம் மெயிலிலும் அனுப்பி, ஒவ்வொன்றையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்தேன்.

பயந்தது நடந்தது. எங்களிடம் பொருள் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து நெட்வொர்க் பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வந்தார். அவருடைய லேப்டாப் அனுப்பிய ஆயிரம் கேள்விகளில் அந்தக் கோணல் கேள்வியும் ஒன்று. ஸ்விட்ச் உறைந்தது, லைன் நின்றது. ஓடிப்போய் ஆஃப் செய்து ஆன் செய்தவள் நான். மறுநாள் என் கைக்கு மெமோ வந்தது. கான்ட்ராக்ட் ஊழியர் கவனக்குறைவாகக் கேபிளைப் பிடுங்கிவிட்டாராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நிரந்தர வேலைக்கான பட்டியலில் அந்த மாதம்தான் என் பெயர் ஏறியிருந்தது. மெமோ வந்ததும் பெயரை எடுத்துவிட்டார்கள். கழிவறையில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் பிளான்ட் ஹெட்டைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மெமோவின் கடைசி வரியை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். "எழுத்துமூலமான அனுமதி இன்றி எந்த நெட்வொர்க் சாதனத்தையும் இனி தொடக் கூடாது." கீழே அவருடைய கையெழுத்து. மனிதர் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

ஒரு வருஷம் காத்திருந்தேன். பொருள் வாங்குகிற அதே கம்பெனியிலிருந்து மறுபடியும் சோதனைக்கு வந்தார்கள். பெரியவர்கள் மீட்டிங் ஹாலில் பிளான்ட் ஹெட்டோடு உட்கார்ந்திருக்க, பெங்களூர்க்காரர் ஒருவர் மட்டும் லேப்டாப்போடு என்னிடம் வந்தார். இதைச் சொருகினால் ஏதாவது தொந்தரவு வருமா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஏனூ இல்ல சார், மாடி" என்றேன். ஒன்றும் ஆகாது, செய்யுங்கள் என்றேன். வாய் கூசவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெல்ட் நின்றது. உத்தனப்பள்ளியிலிருந்து வருகிற ஆபரேட்டர் பெண் ஓடிவந்தாள்.

"யக்கா, நின்னுபோச்சு! வந்து ஆன் பண்ணுக்கா!"

"நான் தொடக் கூடாதுடி. எழுதியே குடுத்திருக்காங்க."

ஸ்டூலை இழுத்து, பெட்டிகள் இருக்கிற அலமாரிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிளான்ட் ஹெட் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அலமாரியில் ஒரே மாதிரி ஆறு பெட்டிகள். நின்றது எது என்று அவருக்குத் தெரியாது.

"வெளையாடறியாம்மா? ஆன் பண்ணு!"

"எழுதிக் குடுங்க சார்."

"அவங்க வெளிய வரப்போறாங்கம்மா!"

"அதான் சார், சீக்கிரம் எழுதிக் குடுங்க."

பெங்களூர்க்காரர் தன் லேப்டாப்பைப் பார்த்தபடியே, இந்த ஓட்டைக்கு மருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறதே, ஏன் ஏற்றவில்லை என்று கேட்டார். நான் ஃபைலை எடுத்து பிளான்ட் ஹெட்டின் கையில் கொடுத்தேன். மேலாக மெமோ, அதன் கீழே என் மெயில்கள். அவர் முகம் சுண்டிப்போனது. பார்க்கப் பார்க்க எனக்குப் பசி அடங்கியது.

அனுமதி என்று அவசரமாக எழுதி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மெமோவயும் வாபஸ்னு எழுதிடுங்க சார். காரணத்தோட."

மீட்டிங் ஹால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து, அலமாரியின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினார். ஸ்விட்ச் பழுதினால் லைன் நின்றது, ஊழியர் மேல் தவறில்லை, மெமோ திரும்பப் பெறப்படுகிறது. கையெழுத்துப் போடும் முன் பேனா நின்றது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அவன் சொருகுனா நிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும் சார். உங்களுக்கும் மூணு வருஷமா தெரியும்."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் எழுந்துபோய் மூன்றாவது பெட்டியை ஆஃப் செய்து, பத்து வரை எண்ணி, ஆன் செய்தேன்.