சோலார் பூட்டப் போன வீடுகள்

கொங்கிறீட் கூரையில் சோலார் பனல் பூட்டுவது நாலு நட்டு முறுக்குகிற வேலை என்றுதான் கீழே நிற்பவர்கள் நினைப்பார்கள். மேலே ஏறிப் பூட்டுகிற உங்களுக்கும் எனக்கும் கதை வேறு.

காற்று

பருத்தித்துறையில் கடலோரமாக ஒரு மாடி வீடு. கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இல்லை. நானும் கூட்டாளி சிவம் அண்ணையும் ஆளுக்கொரு முனையாக ஒரு பனலைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். காற்று அடியில் புகுந்தது. என் பிடி நழுவிவிட்டது. அண்ணை விடவில்லை, பனல் அவரை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது. "விடுங்கோ அண்ணை" என்று கத்தினேன். விளிம்புக்கு ஒரு முழம் இருக்க, பனலோடு குப்புற விழுந்தார். ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த வீட்டுக்கார அம்மா சொன்னா: "தம்பியவை, இறங்குங்கோ. எனக்கு உந்தக் கரண்ட் நாளைக்கு வந்தாலும் காணும்."

வெயில்

தொண்டைமானாற்றில் ஒரு கடற்றொழிலாளி வீடு. முன்பு வேறு யாரோ பூட்டிய சோலாரைத் திருத்தக் கூப்பிட்டிருந்தார். உப்புக்காற்றில் கறள் பிடித்த இணைப்பொன்று புகைந்துகொண்டிருந்தது. மெயின் சுவிட்சை நிறுத்தியும் புகை நிற்கவில்லை. வெயில் படும்வரை பனலில் மின்சாரம் வரும். அப்படியே கழற்றினால் தீப்பொறி முகத்தில் பாயும். வீட்டுக்காரர் படகு மூடும் தறப்பாளோடு ஓடிவந்தார். பனல்களை மூடினோம். மீற்றர் பூச்சியத்துக்கு இறங்கிய பிறகுதான் இணைப்பைக் கழற்றினேன்.

கழற்றிய கறுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அவர் சொன்னார்: "சூரியனை நிப்பாட்டச் சுவிட்ச் இல்லையெண்டு உதைப் பூட்டினவன் சொல்லேல்லையே."

வேலி

பண்டத்தரிப்பில் தோட்டம் செய்கிற ஒரு கமக்காரர் வீடு. கூரையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். துளைக்கிற மெஷின் சட்டென்று நின்றது. கொங்கிறீட்டுக்குள் ஓடிய வயரை அறுத்துவிட்டேன். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கீழிருந்து கமக்காரரின் மகள் கூப்பிட்டாள்: "அண்ணை, அம்மான்ரை மெஷின் நிண்டிட்டுது."

அம்மா ஒட்சிசன் மெஷினில் இருக்கிறா என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நீட்டு வயரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "அங்கை போகாதையும் தம்பி, அவை எங்களோடை கதைக்கிறேல்லை" என்றார் கமக்காரர். எல்லை வேலியில் தொடங்கிய வழக்காம். நான் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நான் சொன்னதைக் கேட்டார். பிளக்கை வாங்கித் தன் வீட்டுச் சுவரில் செருகினார். மறுமுனையில் மகள் கொளுவ, மெஷின் இரையத் தொடங்கியது. அம்மாவின் உதட்டில் நீலம் மெல்லக் குறைந்தது.

கமக்காரர் வேலியடியில் கைகூப்பி நின்றார். மற்றவர் அவரைப் பார்க்கவில்லை; வயரைப் பார்த்துத்தான் சொன்னார்: "நாளைக்கும் கிடக்கட்டும். வேலிக் கதியாலை மட்டும் முறிச்சுப்போடாதேங்கோ."

சம்பந்தம் பேச வருகிறவர்கள் உங்கள் தொழிலைக் கேட்டால் வெயிலில் நிற்கிற வேலை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சமும் தெரிந்தால் ஒருவரும் பெண் தரமாட்டார்கள்.