டக் டக் என்று சத்தம் வந்த பிறகு

பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை மீட்டுக் கொடுக்கும் தொழிலில், டிஸ்கைவிட அதைக் கொண்டுவருபவரைத்தான் முதலில் ஆறுதல்படுத்த வேண்டும். சுவிஸில், ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு டிஸ்க் டக் டக் என்று அடிக்கத் தொடங்கியிருந்தால், வாருங்கள், நீங்களும் எங்கள் ஆள்தான்.

கொப்பி இருக்கு

துன் நகரில் ஹோட்டல் வேலை செய்யும் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். படங்களுக்கு நகல், கொப்பி ஏதும் எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். "ஓம், இவர் ரெண்டு கொப்பி எடுத்தவர்" என்றார் மனைவி. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கே அவை என்றேன். கணவர் அதே டிஸ்கைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ளதான். வேற இடத்தில வைச்சா துலைஞ்சு போயிடுமெல்லோ?"

ஊருக்குப் போய் வந்த டிஸ்க்

லா ஷோ-து-ஃபோனில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் ஒருவர், தன் டிஸ்கை திருத்தச் சொல்லி ஊருக்குப் போன யாரிடமோ கொடுத்துவிட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அதன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சரிவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தது இன்னொருவரின் பெட்டியில், மிளகாய்த்தூள் பார்சலோடு. டிஸ்குக்குள் ஒரு தூசி விழுந்தாலே உள்ளே சுற்றுகிற தட்டில் கீறல் பட்டுவிடும். நான் திறந்ததும் ஆறு தும்மல் தும்மினேன்.

கையை விரித்துவிட்டேன். நாள் முழுக்கத் தூசி புகாத அறையில் இருந்து மணிக்கூடு பொருத்துகிற மனிதருக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. டிஸ்கை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூள் நல்ல தூள் அண்ணை. உங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவரட்டோ?"

சனிக்கிழமை கலியாணம்

சிவம் அண்ணை ரயில் பெட்டிகளைத் துப்பரவு செய்பவர். ஒரு திங்கட்கிழமை டிஸ்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். வீடு கூட்டும்போது தூசி உறிஞ்சுகிற மெஷினின் வயரில் இழுபட்டு மேசையிலிருந்து விழுந்துவிட்டதாம். சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். மண்டபத்தில் பெரிய திரையில் போட வைத்திருந்த மகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "தம்பி, எந்த முகத்தோட நான் மணவறைக்குப் பக்கத்தில போய் நிப்பன்?" என்றார். அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நான்கு நாள் அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டினேன். சத்தம் வந்தால் நிறுத்துவது, ஆறவிடுவது, மறுபடி கொஞ்சம் வாசிக்க வைப்பது. வெள்ளிக்கிழமை மத்தியானம் படங்கள் வந்துவிட்டன.

அவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பிறந்தநாள், பனிச்சறுக்கு, பள்ளிக்கூடத்து முதல் நாள். எல்லாவற்றிலும் மகள், அல்லது மகளும் தாயும். அவர் எதிலும் இல்லை. நான் கேட்காமலே, "நான்தானே எடுத்தனான்" என்றார். கடைசியில் ஒன்று வந்தது. வேலை உடுப்போடு சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொள்கிறார். எடுத்தவளின் சின்ன விரல் படத்தின் மூலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அவர் கூச்சத்தோடு என் தோளைத் தொட்டார். "தம்பி, அதை மட்டும் அழிச்சுவிடுங்கோ. கலியாணத்தில சனம் பாத்துச் சிரிக்கும்."

இத்தனை வருடமும் போனதைத் தேடியெடுத்தே பழகிவிட்டதாலோ என்னவோ, அழிக்கச் சொல்லும்போது மட்டும் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.