ராகு காலத்தில் ஓடிய விழுப்புரத்து ஜாப்

திண்டிவனத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் கோட்ட ஆபீசில் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்ட ஆள் போடவில்லை. விழுப்புரத்திலிருந்து டெலிபோன் வழியாகக் கட்டளை வரும். மெஷின் தானே ஓடி, கரும்புக்கான வெட்டு ஆர்டரை அச்சடித்துவிடும். அதற்கு ஜாப் என்று பேர். போன் அடித்ததும் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இருக்கிறவர் "வைம்மா" என்பார். போன் சத்தத்தை மெஷினுக்குக் கடத்துகிற மோடம் பெட்டியின் ரப்பர் கிண்ணங்களில் ரிசீவரைக் கவிழ்க்க வேண்டும். பேச வேண்டாம் என்பதால் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன். எனக்கு வேற்று ஆம்பளைகளிடம் வாய் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை நேரமாகியும் போன் வரவில்லை. ஆலைக்குக் கரும்பு போடுகிற கிளியனூர் கோவிந்தம்மா வெட்டு ஆர்டருக்காகக் காத்திருந்தது. முந்தின நாள் அதன் கரும்பில் தீப்பிடித்துவிட்டது. எரிந்த கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு அனுப்பாவிட்டால் சாறு புளித்துப்போகும். ஆர்டர் இல்லாமல் ஆலைக்குள் லாரியை விட மாட்டார்கள்.

பத்தரை ஆனது. மேனேஜர் என்னிடம், "ராகு காலம் பொறந்துடுச்சு. போன் வந்தா பன்னெண்டு மணிக்கு மேல பண்ணச் சொல்லு. புது மெஷினு" என்றார்.

"லாரி நின்னுக்கினு இருக்குதுங்க. பன்னெண்டு வரைக்கும் நிக்காது" என்றது கோவிந்தம்மா.

"நான் என்னம்மா பண்றது, நேரம் அப்படி."

"எங்கரும்பு மட்டும் நல்ல நேரம் பாத்தா எரிஞ்சிது?"

மேனேஜர் டீ குடிக்கப் போய்விட்டார்.

போன் அடித்தது. எடுத்தேன். புதுக் குரல். "யார் பேசறது? ஜாப் அனுப்பலாமா?"

சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை.

"ஹலோ, இருக்கீங்களா இல்லையா?"

ரிசீவரைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டேன். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலீங்க. வாய் வரலீங்க."

சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"ஓடறதப் பாதியில நிறுத்தினா அதவிடக் கெட்டதுங்க" என்றது கோவிந்தம்மா.

அதையும் நம்புகிறவர் அவர். கையை எடுத்துக்கொண்டார். கோவிந்தம்மா தன் ஆர்டரைப் பிரிண்டரிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு லாரிக்கு ஓடியது. கரும்பு அன்றைக்கே ஆலைக்குப் போனது.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேனேஜர் விழுப்புரத்தில் சொல்லி, வெள்ளிக்கிழமைகளில் ஜாப்பை இரண்டாகப் பிரிக்க வைத்தார். பத்தரைக்கு முன்னால் நட்சத்திரக் குறிகளால் ஒரு பிள்ளையார் சுழி மட்டும் அச்சாகி வந்துவிடும். அப்புறம் எப்போது வந்தாலும் அது மிச்ச வேலை, ஆரம்பம் இல்லை.

இப்போது பிள்ளைகள் எங்கேயோ உட்கார்ந்து எங்கேயோ இருக்கிற மெஷினை ஓட்டுகிறார்கள். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஜாப் அனுப்புவதற்கு முன், அந்தப் பக்கம் என்ன நேரம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.