அளத்து ஷெட்டு போன்

லூர்துமேரிக்குக் கம்ப்யூட்டர் என்றால் டி.வி. மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் உலகம் பூராவும் பேர் வாங்கிய அந்த வெப்சைட், உப்பளத்துக் கூலிக்காரி அவள் கொண்டுபோன ஒற்றைப் போட்டோவில்தான் ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, குழம்புக்கு மீன் வாங்கி வருகிறேன் என்று கடற்கரைக்குப் போன புருஷன் சாலமன் திரும்பவில்லை. கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன நாள் அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சவக்கிடங்கு என்று ஒரு வாரம் அலைந்தாள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பஞ்சநாதன் மனசு கேட்காமல் ஒரே ஒரு பக்கம் செய்து போட்டான். மேலே சாலமன் போட்டோ. கீழே, பார்த்தவர்கள் இந்த நம்பருக்குச் சொல்லவும் என்று ஒரு வரி.

"எந்த நம்பரைக்கா போடறது?"

"அளத்து ஷெட்டு நம்பரைப் போடுப்பா. அவருக்கு மனப்பாடமா தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

லாரிக்குச் சொல்லிவிட முதலாளி கலியமூர்த்தி வைத்திருந்த போன் அது.

மறுநாளே நாலு பேர் போட்டோவோடு வந்து நின்றார்கள். பொங்கலுக்குள் நானூறு. இலங்கையிலிருந்துகூட வந்தது. பஞ்சநாதன் ஜிகினா எதுவும் ஒட்டவில்லை. முகம், பேர், நம்பர். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் அது போதும். பிரிந்துபோன எழுபது பேர் வீடு சேர்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் "நம்பளுது என்னாச்சு?" என்று வந்து நிற்பாள் லூர்துமேரி. அவன் தலையைச் சொறிவான்.

ஐப்பசி மழை இறங்கியது. மழையில் உப்பு ஏது? முதலாளி ஷெட்டைப் பூட்டிக்கொண்டு பெருமுக்கல்லில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் நடப்பதுதான், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போன லூர்துமேரிக்குப் பூட்டிய கதவுக்கு உள்ளே மணி அடிப்பது கேட்டது. தோளால் மோதினாள். மணி நின்றது. திரும்ப அடித்தது. அப்புறம் ஒரேயடியாக நின்றுபோனது.

நனைந்த சேலையோடு பஸ் ஏறி முதலாளி வாசலில் போய் நின்றாள்.

"ஏம்மா, மழையில அங்க என்னா இருக்குது?"

"போன் இருக்குதுங்க. அடிக்குதுங்க."

கலியமூர்த்தி சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"என் கடை நம்பருக்கு மாத்திடறேன்கா" என்றான் பஞ்சநாதன்.

"உன் கடை நம்பரு உலகத்துக்கே தெரியும். அவருக்குத் தெரியாதேப்பா."

அதன்பிறகு ஷெட்டே அவளுக்கு வீடு. சோறு பொங்குவதும் அங்கே, படுப்பதும் அங்கே.

தையில் ஒரு நாள் மணி அடித்தது. ஓடி எடுத்தாள்.

"அம்மா, சென்னையிலேர்ந்து பேசறோம். பஞ்சநாதன் சைட்டுல முதல் போட்டோ நீங்க குடுத்ததுதானே? பத்து லட்சம் பேர் பாத்துட்டாங்கம்மா! விழா வைக்கிறோம், நீங்க மேடைக்கு வரணும்."

"பத்து லட்சம் பேரா? அத்தினி பேரும் அவரைப் பாத்தாங்களா?"

"போட்டோவைப் பாத்தாங்கம்மா."

"அவரை ஒருத்தரும் பாக்கலீங்களா?"

"அது வந்தும்மா... விழாவுக்குக் கார் அனுப்பறோம்மா."

"சரிங்க, போனை வையுங்க. இந்நேரம் பாத்து அவரு கூப்புட்டா லைன் கெடைக்காது."