களத்துக்கு வந்த உழவு மெசின்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து எங்கள் துயரில் பங்குகொள்ளும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவுமலரில் "நல்லதை மட்டும் எழுதிவிடு பிள்ளை" என்றார் மாமா. அப்பாவின் நல்ல குணங்களை நீங்களே அறிவீர்கள். அவர் ஏன் மனம்விட்டுச் சிரித்ததில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். அம்மாவும் சம்மதித்துவிட்டார்.

அப்பா வன்னியில் வயல் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்ததால் தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, வளர்த்து ஆளாக்கியவர் அவரே. டிராக்டர் என்னும் உழவு மெசினை ஊருக்கு முதலில் கொண்டுவந்தவரும் அவர்தான். ஏரும் மாடும் வண்டிலும் செய்த வேலைகளையெல்லாம் அது ஒன்றே செய்தது. வயலை உழுதது, அறுத்துக் குவித்த நெற்சூட்டை மிதித்து மணி பிரித்தது, மூட்டைகளைப் புகையிரத நிலையத்துக்கு இழுத்துப்போனது. ஊரே வாய்பிளந்து பார்த்தது.

வேலை மாறியதே தவிர களத்து வழக்கம் மாறவில்லை. சூடு மிதிக்கும்போது களத்தில் எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "நிற்பாட்டு", "போதும்" என்ற சொற்களும் ஆகாது. பூதங்கள் கேட்டுவிட்டு நெல்லை அள்ளிப்போய்விடும் என்று பயம். மாடு மிதித்த காலத்தில் அதனால் கேடு வரவில்லை. ஆள் விழுந்தால் மாடு தானாக நின்றுவிடும்.

ஒருநாள் சூடு மிதிக்கையில் வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பா சறுக்கி மெசினின் பின்சக்கரத்தடியில் விழுந்தார். கண்டவர்கள் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பாவின் உயிர் அங்கேயே போய்விட்டது.

அதன்பின் அப்பா எதையும் ஓட்டவில்லை. மெசின் திருத்தக் கற்ற தொழில்தான் எங்களை மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்தது. அறுவடை மெசின் செய்யும் தொழிற்சாலையில் பிறேக் பூட்டும் வேலை. பூட்டியதையே திரும்பத் திரும்பச் சோதித்து மேலாளரிடம் ஏச்சு வாங்குவார். தொழிற்சாலை இரைச்சல் அவருக்குப் பரவாயில்லை. கிளென் வேவர்லி வீட்டில் நாங்கள் பேசாமல் இருந்தால்தான் தாங்கமாட்டார். "ஆராவது கதையுங்கோ, பிள்ளையள்" என்பார்.

ஒருநாள் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியில் தம்பி சரித்திரப் பாடம் வாசித்தான். நீராவி ரயில் பாதை ஒன்று திறக்கப்பட்ட நாளிலேயே ஒருவர் எஞ்சினில் அகப்பட்டு இறந்தார் என்று அதில் இருந்தது.

"எஞ்சினை ஓட்டினவன் பிறகு என்ன செய்தவன்?" என்று கேட்டார் அப்பா.

"அது புத்தகத்தில இல்லை, அப்பா."

அன்று அவர் சாப்பிடவில்லை.

போன வருடம் சித்தப்பாவின் மகனைப் படிக்கக் கூப்பிட்டுத் தம்முடனேயே வைத்துக்கொண்டார். அந்த அண்ணாவிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் சொன்னார்.

"உன்ர கொப்பர் செத்த அண்டைக்கு மெசினை நான்தான் ஓட்டினனான்."

"தெரியும் பெரியப்பா. அம்மா எப்பவோ சொல்லிப்போட்டா."

"தெரிஞ்சோ என்னட்டை வந்தனீ?"

"பின்னை, நான் வேற ஆரிட்டைப் போறது?"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் மனம் ஆறியதா என்பது எங்களுக்குத் தெரியாது.

பராமரித்த தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், சிட்னியிலிருந்து ஓடிவந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நினைவு தப்பிய கடைசி நாளில் அப்பா அவரைப் பார்த்துச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, வார்டே கேட்கக் கத்தினார்: "வெளியால வாடா!"

அண்ணா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வந்திட்டன், அண்ணை."